உப்புக்கு வாசனை கிடையாது

நோன்பு மாதத்தில் சமைக்கிறவளுக்கு ஒரு சங்கடம் உண்டு. அடுப்பில் கொதிப்பதை வாயில் வைத்துப் பார்க்க முடியாது. நாக்கு நுனியில் தொட்டுத் துப்பிவிட்டால் தப்பில்லை என்று பள்ளிவாசலில் பயான் பண்ணுகிறவர்கள் சொல்வார்கள். அவர்களில் யாரும் அடுப்படியில் நின்றதாக எனக்குத் தெரியவில்லை. விடியற்காலையிலிருந்து காய்ந்து கிடக்கிற நாக்கு, தொட்டதைத் துப்புமா? என் நாக்கின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. அதனால் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த முதல் ரமலானிலிருந்து எங்கள் வீட்டு உப்பை அடுத்த வீட்டு அக்காதான் பார்த்தாள்.

அது நெசவு வீடு. அவள் கணவர் தறியில் உட்காருவார், அக்கா பட்டுப் புடவைகளுக்குக் குஞ்சம் முடிந்து கொடுப்பாள். என் வீட்டுக்காரருக்கு மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு உறை தைக்கிற கடை. இரண்டு வீட்டுக்கும் தொழிலில் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் அவள் சமையலறை ஜன்னல் எங்கள் கொல்லையைப் பார்த்து இருந்தது, அது போதுமானதாக இருந்தது. சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு, கரண்டியில் கொஞ்சம் கஞ்சியோ குழம்போ எடுத்துக்கொண்டு ஜன்னலடியில் போய் நிற்பேன். அவள் கம்பிக்கு வெளியே கையை நீட்டி வாங்கி, கண்ணை மூடிச் சப்புக் கொட்டுவாள். சரியாக இருந்தால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, பட்டு நூலைப் பிடிக்கிற மாதிரி தூக்கிக் காட்டுவாள். சரியில்லை என்றால் வாய் திறந்து பேசுவாள். அவள் பேசாமல் விரலைக் காட்டினால் அன்றைக்கு நிம்மதி.

வெள்ளிக்கிழமை அவள் கவிச்சி தொடமாட்டாள். ஆகவே வெள்ளிக்கிழமைகளில் எங்கள் நோன்புக் கஞ்சியில் கறி விழாது. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். "பக்கத்து வீட்டம்மாவுக்காக நீ கஞ்சியை மாத்துவியா?" என்பார்கள். மாதவிலக்கால் நோன்பு வைக்காத நாட்களில் நானே ருசி பார்த்துக்கொள்ளலாம்தான். ஆனால் அந்த நாட்களில் மட்டும் ஜன்னலுக்குப் போகாமல் இருந்தால் வீட்டு ஆண்கள் முன்னால் தமுக்கு அடித்த மாதிரி ஆகிவிடும். அதனால் எல்லா நாளும் போவேன். அக்காவுக்கு அது தெரியும், கேட்க மாட்டாள்.

போன ரமலானுக்கு முன்னால் அவளுக்குக் கன்னத்தின் உட்பக்கம் ஒரு புண் வந்தது. வெற்றிலை போடுகிறவர்களுக்கு வருகிற புண்தான் என்று எல்லாரும் சொல்லி, அவளும் நம்பி, மாதக்கணக்கில் தேங்காய்ப்பால் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், கத்தி வைத்து, கரண்டு வைத்தார்கள். டாக்டர்கள் அதை ரேடியேஷன் என்கிறார்கள். எங்கள் தெருவில் கரண்டு வைப்பது என்றால்தான் புரியும். தினமும் காலையில் அவள் கணவர் அவளைப் பேருந்தில் அழைத்துப் போவார். மத்தியானம் திரும்பும்போது அவள் கழுத்து அடுப்புக்கு அருகில் வைத்த பிளாஸ்டிக் மாதிரி கறுத்துச் சுருங்கியிருக்கும். ஒருவழியாக முடிந்தது. "எல்லாம் கிளீன் ஆயிடுச்சு" என்றார் அவள் கணவர். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். பிறை தெரிந்த மறுநாள், பழையபடி கரண்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஜன்னலில் அவள் தயாராக நின்றாள்.

டாக்கோ வந்தது அந்த மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமையில். என் மகள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கம்பெனி பஸ்ஸில் போக வர இரண்டு நேரமும் போனில் சமையல் பார்ப்பாள், பசி நேரத்தில் அதைப் பார்ப்பது ஒரு நோய் என்று நான் திட்டுவேன். டாக்கோ என்றால், மக்காச்சோள மாவில் சப்பாத்தி போலச் சுட்டு, சூடாக இருக்கும்போதே மடித்து, உள்ளே கோழியும் வெங்காயமும் கொத்தமல்லியும் வைத்துத் தின்பது.

"அப்போ அது கோழி ரோல்தானே?" என்றேன்.

"ரோல் வேற, டாக்கோ வேற. தெரியாம பேசாதமா" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஆனால் கோழிக்கு அவள் செய்த பக்குவத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. நெஞ்சுக்கறி வேண்டாம், தொடைக்கறிதான் வேண்டும், எலும்பு எடுத்துத் தா என்று கடைக்காரரிடம் நின்று வாங்கி வந்தாள். அவர் என் வீட்டுக்காரரைப் பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக் காட்டுகிறார். கறியைத் துணியால் ஒற்றி ஈரம் போக்கினாள். சீரகத்தை வெறும் சட்டியில் நிறம் மாறும்வரை வறுத்தாள். காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்துப் பூண்டோடு அரைக்கச் சொன்னாள். எப்போதோ பீட்சாவோடு வந்து டப்பாவில் கிடந்த ஓரிகானோ பொட்டலங்களைத் தேடிப் பிடித்துக் கிழித்தாள். எலுமிச்சம்பழத்தை நான் பிழியப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பவே புழிஞ்சா கறி வெளுத்து மாவாட்டம் ஆயிடும். கல்லுலேர்ந்து எடுத்தப்புறம்தான்."

வீடியோவில் சமைக்கிறவள் உப்பைப் பற்றியும் ஒன்று சொல்லியிருக்கிறாள், அதுதான் முதல் பாடமாம். உப்பு எல்லாவற்றுக்கும் முன்னால் போய்க் கறிக்குள் இறங்க வேண்டும், கடைசியில் தூவினால் மேலேயே நின்றுவிடும். சொன்னபடியே மகள் உப்பைப் பிசறி வைத்துவிட்டு மத்தியான லுஹர் தொழப் போய்விட்டாள். பிசறியதை என்னிடம் சொல்லவில்லை. நான் மசாலா அரைத்தேன். உப்பில்லாமல் மசாலா அரைக்கிற வழக்கம் எங்கள் வம்சத்தில் இல்லை. கை அதுபாட்டுக்கு உப்பு ஜாடிக்குள் போய் வந்தது. நோன்பு இல்லாத நாளாக இருந்தால் மசாலாவைத் தொட்டு நக்கும்போதே இரண்டு பேரில் ஒருத்திக்குத் தெரிந்திருக்கும்.

தோசைக்கல்லில் நன்றாகப் புகை வந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வாட்டினாள். மொத்தமாகப் போட்டால் தண்ணீர் விட்டு அவிந்துவிடுமாம். கொல்லை முழுக்க வாசனை. அக்கா நாங்கள் கூப்பிடாமலேயே ஜன்னலுக்கு வந்துவிட்டாள். எலுமிச்சை பிழிந்த ஒரு துண்டைக் கொடுத்தேன். நெடுநேரம் மென்றாள்.

"சீரகம் நல்லா வறுத்துக்கிறீங்க. பூண்டு கொஞ்சம் தூக்கலா இருக்குது. ஆனா நல்லாக்குது. எலுமிச்சம்பழம் கடைசில புழிஞ்சியா? அதான் இப்டி மணக்குது."

"உப்பு?"

விரலைத் தூக்கிக் காட்டினாள். கண்ணில் தண்ணீர் நின்றது. மிளகாய் காரம் என்று நினைத்தேன்.

பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம் வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, என் வீட்டுக்காரர்தான் முதலில் கடித்தார். தாடை அப்படியே நின்றது. "கோழியக் கடல் தண்ணில கழுவினீங்களா?" என்றார். மகள் கடித்ததைக் கையில் துப்பினாள். நீ போட்டியா, நீயும் போட்டியா என்று நானும் அவளும் மாறிமாறிக் கேட்டு, வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருக்கும்போது சட்டென்று உறைத்தது. இதை அக்கா மென்று விழுங்கினாளே. வாயில் புண் ஆறியும் ஆறாமலும் இருக்கிறவள், இந்த உப்பை மென்று, நின்று நிதானமாகச் சீரகத்தைப் பற்றிப் பேசினாளே. சில நாளாகக் கஞ்சி சப்பென்று இருந்ததும், அரிசியைக் குறை சொல்லிக் குடித்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

நோன்பு திறந்து மஃரிப் தொழுததும் அக்கா வீட்டுக்குப் போனேன். மடியில் குஞ்சத்துக்கான புடவை முந்தானை கிடந்தது, விளக்கு போட்டிருந்தும் ஒரு முடிச்சும் போடாமல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள்.

"உப்பு ஜாஸ்தியா, கம்மியா?" என்று அவளே கேட்டாள்.

"எப்பலேர்ந்துக்கா?"

"கரண்டு வெக்கறப்பவே நாக்குல ருசி போச்சுடி. சோறு துன்னா மண்ணு துன்ற மாதிரி இருக்குது. பாயாசம் குடிச்சா கொழகொழன்னு இருக்குது, அவ்ளோதான். வாசனை மட்டும் வந்துக்கினு இருக்குது. அத வெச்சுத்தான் உங்கிட்ட ஓட்டிக்கினு இருந்தேன். உப்புக்கு வாசனை கிடையாதே, இன்னா பண்றது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாசம் வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் முதலில் வரும், அது என் பிறவிக் குணம். ஏன் சொல்லவில்லை, நான் என்ன அந்நியமா, உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்று கத்தினேன். அவள் முந்தானையை நீவிக்கொண்டே இருந்தாள்.

"கொடத்தத் தூக்காத, அடுப்பாண்ட நிக்காத, ஊசியத் தொடாத... ஊட்டுக்கு வந்ததுலேர்ந்து என்னிய சாமி செலயாட்டம் உக்கார வெச்சுட்டாங்கோ. நீ ஒருத்திதான் ஒரு வேல குடுத்துக்கினு இருந்த. சொன்னா அதுவும் போயிடும்னு இருந்துட்டேன்."

மறுநாளும் அதே நேரத்துக்குக் கரண்டியோடு போனேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், பிறகு வாங்கி வாயில் வைத்து, விரலைத் தூக்கிக் காட்டினாள். உப்பை நான் கைப்பழக்கத்தில் குத்துமதிப்பாகப் போட்டுவிட்டேன். வேறு என்ன செய்வது?

ஆனால் விஷயம் உப்போடு நிற்கவில்லை. ருசி இல்லாததால் அவள் சாப்பிடுவதே இல்லை. ரவிக்கை தோளில் நிற்கவில்லை. இப்படியே இளைத்தால் உடம்பு எதையும் தாங்காது, எதையாவது தின்ன வையுங்கள், நாக்கு சில மாதத்தில் திரும்ப வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். 'வரலாம்' என்ற அந்தச் சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். இவளைச் சாப்பிட வைக்காமல் விடுவதில்லை என்று ஒரு வீம்பு. தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கிராம்பை அடக்கிக்கொள், தேனைத் தடவு என்றார்கள். அவள் கணவர் காமாட்சியம்மன் கோயில் குங்குமம் கொண்டு வந்தார், நான் தர்காவில் ஓதிய தண்ணீர் கொண்டு போனேன். இரண்டையும் அவள் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். நாக்கு இரண்டுக்கும் மசியவில்லை.

பெருநாள் முடிந்த பிறகு அந்த டாக்கோ கோழியை மறுபடி எடுத்தேன். வாசனையாவது அவளுக்குப் பிடித்திருந்ததே. எச்சில் ஊறாத வாய்க்கு ரொட்டி குத்தும் என்று ரொட்டியை விட்டுவிட்டேன். கோழியை வேகவைத்துப் பஞ்சாகப் பிய்த்து, வேக வைத்த தண்ணீரையே விட்டுத் தளர்த்தினேன். மிளகாயைக் கூட்டிப் பார்த்தேன், எரிந்தது, ருசிக்கவில்லை. மிளகாய் போயிற்று. மிளகும் அப்படியே போயிற்று. புளி கரைத்து விட்டேன், வெல்லம் சேர்த்தேன், ஒருநாள் வினிகர் விட்டேன். ஒவ்வொரு நாளும் ஒரு சாமான் என் அடுப்பிலிருந்து கழன்று போனது. மிஞ்சியது சீரகமும் பூண்டும்தான், அதுவும் மூக்குக்கு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று பழமொழி சொன்னவனை நேரில் பார்த்தால் கேட்டிருப்பேன், நாக்கில்லாதவளுக்கு எதைக் கொட்டினால் என்ன என்று. அக்கா எனக்காக இரண்டு வாய் தின்பாள். மூன்றாவது வாய்க்கு என் முகத்தைப் பார்த்துக் கும்பிடுவாள்.

ஒருநாள் எலுமிச்சை. நிறையப் பிழிந்து எடுத்துப் போனேன். வாயில் வைத்ததும் அவள் தோள் துள்ளியது.

"சுருக்குங்குதுடி!"

"புளிக்குதாக்கா?"

"புளிப்புதான் போலக்குது... சுருக்குங்குது! இன்னொரு வாய் குடு!"

நான் அழுதேன். அவள் கணவர் தறிப் பள்ளத்திலிருந்து எழுந்து ஓடிவந்தார். அன்று தெருவில் யாரைப் பார்த்தாலும் சொன்னேன், அக்காவுக்கு நாக்கு திரும்பிவிட்டது என்று. ஜவுளி வாங்க வந்த கல்யாணக் கோஷ்டி வேன்கள் தெருவை அடைத்து நின்றதற்குக்கூட அன்று நான் யாரையும் திட்டவில்லை. மகள் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் வாங்கி வந்தாள். அந்த வாரம் முழுக்க அக்கா எலுமிச்சை பிழிந்ததை மட்டும் ஆசையாகத் தின்றாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியத் தின்றாள். ருசி வருகிறது, வருகிறது என்று நான் பக்கத்தில் நின்று ஊட்டினேன்.

ஆஸ்பத்திரியில் இந்த நல்ல செய்தியை அவளே டாக்டரிடம் சொன்னாளாம். அவர் சிரிக்கவில்லை. "புளிக்குதாம்மா, வலிக்குதாம்மா?" என்று கேட்டாராம். அவள் யோசித்திருக்கிறாள். தெரியவில்லை என்றிருக்கிறாள். அவர் டார்ச் அடித்து நாக்கைத் தூக்கிப் பார்த்தார். அடியில் புதுப் புண். சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பதில் வந்தபோது, இனிமேல் கத்தி வைக்கவும் இடமில்லை, கரண்டு வைக்கவும் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பை நிறைய மிச்சமிருந்த எலுமிச்சம்பழத்தைக் கொல்லையில் வைத்துக் காயவிட்டேன். ஊறுகாய் போடலாமே என்றாள் மகள். போட்டால் யார் தின்பது? ஆண்டவன் மேல் வருத்தமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். வருத்தமில்லை, கோபம் என்றேன். அவர் தௌபா செய், மன்னிப்புக் கேள் என்று சொல்லிவிட்டுத் தைக்கப் போய்விட்டார். மனசு விட்டுப் போயிற்று என்பார்களே, அது எப்படி இருக்கும் என்று அப்போது தெரிந்துகொண்டேன். அழுகைகூட வருவதில்லை. பால் பொங்கினால் அணைக்கிறோம், துணி காய்ந்தால் எடுக்கிறோம், அவ்வளவுதான்.

இந்த ரமலானில் அக்காவுக்கு மூக்கு வழியாகக் குழாய். பாலும் கஞ்சித் தண்ணீரும் அதில்தான் போகின்றன. பேச்சு நின்றுவிட்டது. கட்டிலைச் சமையலறை ஜன்னல் ஓரமாகப் போடச் சொல்லிக் கையால் காட்டினாளாம். போட்டுவிட்டார்கள். நோன்பு திறக்க நாங்கள் கொல்லையில் பாய் விரித்து உட்கார்ந்தால், தலையணையில் சாய்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். வெறுங்கையோடு ஜன்னலைத் தாண்ட என்னால் முடியவில்லை. கரண்டி எடுத்துப் போகவும் முடியவில்லை. வாயைத் திறக்க முடியாதவளிடம் எதை நீட்டுவது?

போன ஞாயிற்றுக்கிழமை அவள் கணவர் சுவரோரம் வந்து நின்றார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. அவ உன் ஊட்டப் பாத்து இப்டி இப்டி காட்டிக்கினே இருக்கா" என்று உள்ளங்கையை இரண்டாக மடித்துக் காட்டினார். "அந்தக் கோழி கேக்கறா போலக்குது. துன்றதுக்கு இல்ல. மோந்து பாக்கறதுக்கு."

மகளும் நானும் பேசிக்கொள்ளாமல் வேலை செய்தோம். போன வருஷத்துக்குப் பிறகு அவள், "உப்பு உன் டிபார்ட்மெண்ட், நான் தொட மாட்டேன்" என்று சொல்லி வைத்திருந்தாள். அது எனக்கு அன்று நினைவில் இல்லை. கறிக்கு முதலில் உப்பு என்பது அவள் பாடம், அவள் பிசறியிருப்பாள் என்று மசாலாவை வெறுமனே அரைத்தேன். என் நினைப்பெல்லாம் அசருக்கும் மஃரிபுக்கும் நடுவில் தட்டை ஜன்னலுக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்பதில் இருந்தது.

சூடாகத் தட்டில் எடுத்துப் போனேன். கம்பிக்குப் பக்கத்தில் பிடித்தேன். அவள் குழாய் செருகிய மூக்கை மெல்லத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டாள். நெஞ்சு ஏறி இறங்கியது. சீரகம், பூண்டு, கடைசியில் பிழிந்த எலுமிச்சை எல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்குப் போய்ச் சேர்ந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவளே கண்ணைத் திறந்தாள். போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தூக்கிக் காட்டினாள்.

"சரிக்கா. அப்போ உப்பு சரியா இருக்குது" என்றேன்.

பாங்கு சொன்னது. பேரீச்சம்பழம், தண்ணீர். ரொட்டியை மடித்துக் கடித்தேன். ஒரு சிட்டிகை உப்புக்கூட இல்லை. மகள் என்னைப் பார்த்தாள். எனக்கும் புரிந்தது, அவளுக்கும் புரிந்தது. உப்பு ஜாடி கொல்லை அடுப்பு மேடையில், கையெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் எழுந்து அதை நோக்கிக் கை நீட்டினாள். ஜன்னல் திறந்திருந்தது. அக்கா தலையணையில் சாய்ந்து, எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் கையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என் வீட்டுக்காரர் தலை நிமிராமல் மென்றார், விழுங்கினார், இன்னொன்றுக்குக் கை நீட்டினார். நான் இரண்டாவதை எடுத்து, ஜன்னலுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி மடித்து, மிச்சம் வைக்காமல் தின்றேன்.